செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி மாற்றும் முன் மூன்று அளவு எடுங்கள்

காலையில் பைக்கிலோ ஸ்கூட்டரிலோ சாவியைப் போட்டு செல்ஃபை அழுத்தினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. அல்லது எஞ்சின் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." சில சமயம் அது சரியாகவே இருக்கும். ஆனால் நிறைய வண்டிகளில் பேட்டரி மேல் தப்பே இருக்காது. அதற்குச் சார்ஜ் வந்து சேராமல் இருக்கும். இல்லையென்றால் வந்த சார்ஜ் எங்கேயோ கசிந்துகொண்டிருக்கும். அந்த மாதிரி வண்டியில் புது பேட்டரி போட்டால் சில வாரம் நன்றாக ஓடும், அப்புறம் மறுபடியும் அதே 'டக் டக்'. பழைய பேட்டரிக்கு வந்த கதிதான் புதியதற்கும்.

அதனால் காசு செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போது ஒரு அளவு, செல்ஃப் அடிக்கும்போது ஒன்று, எஞ்சின் ஓடும்போது ஒன்று. இந்த மூன்று வோல்ட் எண்களை எடுத்துவிட்டால், கோளாறு பேட்டரியிலா, சார்ஜ் ஏற்றும் பக்கமா, ஸ்டார்டர் பக்கமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதுவரை ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது.

கையில் என்ன வேண்டும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சென்னை என்றால் ரிச்சி தெருவில் கிடைக்கும். மற்ற ஊர்களில் எலக்ட்ரிகல் கடைகளில் கேளுங்கள். டி.டி.830 வகை மஞ்சள் மீட்டர் சில நூறு ரூபாய்தான். கூடவே ஒரு ஸ்குரூ டிரைவர், 10-ம் நம்பர் ஸ்பேனர், கொஞ்சம் உப்புத்தாள், பழைய டூத் பிரஷ் ஒன்று.

மீட்டரில் கருப்பு வயரை 'காம்' என்று போட்டிருக்கும் ஓட்டையில் செருகுங்கள். சிவப்பு வயரை வோல்ட், ஓம் அடையாளம் உள்ள ஓட்டையில் செருகுங்கள். திருகை நேர்கோடு போட்ட வோல்ட் பக்கம், அதாவது டி.சி. வோல்ட் பக்கம், 20-ல் வையுங்கள். இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். 10 ஆம்பியர் என்று தனியாக ஒரு ஓட்டை இருக்கும். சிவப்பு வயரை அதில் செருகி வைத்தபடியே பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டால் மீட்டர் ஒரு வெறும் கம்பியாகிவிடும். பேட்டரி ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும், வயர் உருகும். விலை குறைந்த மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸ்கூட இருக்காது. ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் சிவப்பு வயர் எதில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மீட்டருக்குள்ளேயும் ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோகும் நிலையில் இருந்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஓடாத வண்டியில் 14 வோல்ட் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரைத்தான்.

அளப்பதற்கு முன் கண்ணும் காதும்

பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் வண்டியோடு தந்த புத்தகத்தைப் பாருங்கள். பைக்குகளில் பக்கவாட்டு மூடிக்கு உள்ளேயோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். ஸ்கூட்டர்களில் கால் வைக்கும் பலகைக்கு அடியிலும் இருக்கலாம்.

திறந்ததும் பேட்டரியின் பக்கங்களைப் பாருங்கள். வயிறு உப்பியதுபோல் வீங்கியிருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. ஆனால் அதை வீங்க வைத்தது எது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் அதிகமாகச் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கேபிளையும் விரலால் பிடித்து லேசாகத் திருப்புங்கள். துளி அசைந்தாலும் அது லூஸ்தான். ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் அந்த லூஸான தொடர்பு போதும், அதனால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஸ்டார்டர் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். அங்கேதான் அந்த லூஸ் காட்டிக்கொடுக்கும்.

முனையைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். காரணம் எளிது. வண்டியின் சட்டம் முழுவதும் மைனஸோடு இணைந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டைத் திருப்பும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பயமில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் எந்த முனையையும் கழற்றாதீர்கள். "பேட்டரியைக் கழற்றிட்டு ஓடுதான்னு பாரு" என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். பேட்டரி இல்லாமல் வோல்ட் எகிறினால் பல்பும் மீட்டரும் போகும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினியான இ.சி.யு.வும் போகலாம்.

உப்பு பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேயுங்கள். இறுக்கி முடித்த பிறகு மேலே லேசாக வாசலின் தடவலாம். இந்த வேலையில் புதியவர்களைப் பாடாய்ப் படுத்துவது முனைக்குள் இருக்கும் சின்ன சதுர நட்டுதான். போல்ட்டைக் கழற்றியதும் அது அடியில் இறங்கிவிடும், மறுபடி மரை பிடிக்காது. நட்டுக்குக் கீழே ஒரு சிறு ரப்பர் ட்யூப் துண்டையோ பஞ்சையோ வைத்துத் தூக்கிக் கொடுங்கள்; போல்ட் உடனே பிடித்துக்கொள்ளும்.

சரி, இவ்வளவு செய்ததிலேயே செல்ஃப் எடுத்துவிட்டதா? மகிழ்ச்சி. ஆனாலும் மூன்று அளவையும் எடுத்துவிடுங்கள்.

முதல் அளவு: சும்மா நிற்கும்போது

வண்டி ஓடி நின்றவுடன் அளந்தால் எண் பொய்யாக உயர்ந்திருக்கும். சார்ஜ் ஏறிய சூடு அடங்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளப்பதுதான் சிறந்தது. சாவி ஆஃப். சிவப்பு முனையைப் பிளஸிலும் கருப்பு முனையை மைனஸிலும் வையுங்கள். கேபிளின் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈய முனை மேலேயே வையுங்கள்.

12.6 முதல் 12.9 வோல்ட் வரை இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 11.8-க்குக் கீழே போனால் காலி. கவனியுங்கள்: முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்தான் வித்தியாசம். "12 வோல்ட் பேட்டரி, 12 காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது.

உள்ளே ஆறு செல்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பேட்டரி 10.5 வோல்ட் பக்கமே நின்றுவிடுகிறது என்றால் ஒரு செல் செத்துவிட்டது. அதற்கு மருந்தில்லை.

முதல் அளவு குறைவாக இருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சார்ஜ் இல்லை என்பது மட்டும்தான் இப்போது தெரிந்திருக்கிறது. வெளியே எடுத்து முழுச் சார்ஜ் போட்டு, ஒரு இரவு எதிலும் மாட்டாமல் வைத்து, மறுபடி அளங்கள். 12.6-க்கு மேல் நின்றால் அடுத்த அளவுக்குப் போகலாம். எதிலும் மாட்டாமலே 12.2-க்கு இறங்கிவிட்டால் அது சார்ஜைத் தாங்கவில்லை, மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது அளவு: செல்ஃப் அடிக்கும்போது

நல்ல வோல்ட் காட்டும் பேட்டரியும் சுமை வந்தால் சரிந்துவிடலாம். மீட்டர் முனைகளை அப்படியே வைத்துக்கொண்டு, வண்டி நியூட்ரலில் இருக்க, பக்கத்தில் ஒருவரை செல்ஃபை அழுத்தச் சொல்லுங்கள். சின்ன மீட்டர்கள் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும். இரண்டு மூன்று விநாடி அழுத்தினால்தான் சரியான எண் தெரியும். 5 விநாடிக்கு மேல் ஒரேயடியாக அழுத்தாதீர்கள், அடுத்த முறைக்கு முன் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். ஸ்டார்டர் மோட்டார் அந்தச் சூட்டைத் தாங்காது.

முழுச் சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி இந்த நேரத்தில் 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 9.5-க்கும் கீழே, 8, 7 என்று விழுந்தால் பேட்டரி உள்ளே பலவீனமாகிவிட்டது என்பதற்கான வலுவான அடையாளம். செல்ஃப் அடிக்கும்போது டிஜிட்டல் மீட்டர் அணைந்து மறுபடி எரிவது, கடிகாரம் 12 மணிக்குப் போய் நிற்பது எல்லாம் இதே சரிவின் வெளித்தோற்றம்தான். ஆனால் ஸ்டார்டர் மோட்டாரே உள்ளே இறுகிப் போயிருந்தாலும் இப்படித்தான் வோல்ட் விழும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: எஞ்சின் ஓடாமல் சாவி ஆன் செய்து பிரேக் லைட், இண்டிகேட்டர், எரியுமானால் ஹெட்லைட் எல்லாவற்றையும் இரண்டு நிமிடம் போட்டுவிட்டு வோல்ட் பாருங்கள். அந்தச் சிறிய சுமைக்கே 12-க்குக் கீழே சறுக்கினால் பேட்டரிதான். 12-க்கு மேல் நின்றால் மோட்டாரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இன்னொரு வகை உண்டு. செல்ஃபை அழுத்துகிறீர்கள், எஞ்சின் சுற்றவில்லை, ஆனால் மீட்டர் 12.5-லேயே அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போகவே இல்லை. இந்த நிலையில் யாராவது புது பேட்டரி விற்றால் வாங்காதீர்கள். 'டக்' சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், வலது கைப்பிடியில் இருக்கும் எஞ்சின் கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், ஸ்கூட்டர் என்றால் பிரேக் சுவிட்ச், இவற்றை வரிசையாகப் பாருங்கள். கில் சுவிட்சைத் தெரியாமல் தட்டிவிட்டு வண்டியைப் பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரே ஒரு 'டக்' வந்து அமைதியாகிவிட்டால், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்டார்டர் ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம், அல்லது மோட்டாருக்குப் போகும் கேபிள் லூஸாக இருக்கலாம். 'டக் டக் டக்' என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால் அது பெரும்பாலும் சார்ஜ் இறங்கிய பேட்டரியின் சத்தம்.

பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கோ சட்டத்துக்கோ போகும் எர்த் கேபிளை மறந்துவிடாதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். அதேபோல் பேட்டரி பிளஸுக்கும் மோட்டாரின் பிளஸ் முனைக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் ரிலேயிலோ கேபிளிலோ கோளாறு.

ஆக்டிவா 6ஜி போலச் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டர்களில் தனி ஸ்டார்டர் மோட்டார் கிடையாது. சார்ஜ் ஏற்றும் காயிலே எஞ்சினையும் சுற்றிவிடும். அவற்றில் ரிலே சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. வோல்ட் அளவுகள் மட்டும் அப்படியே பொருந்தும்.

மூன்றாவது அளவு: எஞ்சின் ஓடும்போது

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டியைத் திறந்த வெளியில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம், புகை ஆபத்து. மீட்டர் முனைகள் பேட்டரியிலேயே இருக்கட்டும். ஸ்லோவில் 13 பக்கம் காட்டலாம். ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கி 3000, 4000 ஆர்.பி.எம். வரை கொண்டுபோகும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையே வந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் முறுக்கினாலும் ஏறாமல் அங்கேயே நிற்பதுதான் ஆரோக்கியம்.

முறுக்க முறுக்க எண் 12.4-லேயே கிடந்தால், அல்லது இறங்கினால், சார்ஜ் ஏறவில்லை. வண்டி முழுக்க முழுக்கப் பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடுகிறது. மாறாக 15-ஐத் தாண்டிப் போனால், வோல்ட்டை அளவுக்குள் பிடித்து வைக்கும் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. பேட்டரி வீங்குவது, அமிலம் கொதித்து வற்றுவது, பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போவது எல்லாம் அதனால்தான். வீங்கிய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் முன் இந்த அளவை எடுக்காமல் விட்டால் புதியதும் வீங்கும்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி ஹெட்லைட்டுக்கு மேலேயே உண்டு. அந்தச் சின்ன ஆம்பியர் மீட்டரில் முள் பிளஸ் பக்கம் சாய்ந்தால் சார்ஜ் ஏறுகிறது, மைனஸ் பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. இன்றைய வண்டிகளிலும் அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கலாம் என்ற ஆசை எனக்கு உண்டு.

இன்னொன்று. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதே இல்லை, காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் எரியும். ஸ்லோவில் மங்குவதும் முறுக்கினால் பிரகாசிப்பதும் அவற்றின் இயல்பு. அதைப் பார்த்து பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

சார்ஜ் ஏறவில்லை என்றால்

சார்ஜ் வரும் பாதை நீளமானதில்லை. எஞ்சினோடு சுற்றும் மேக்னட், அதற்குள் இருக்கும் காயில், அங்கிருந்து ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்), அங்கிருந்து ஃபியூஸ் வழியாகவோ நேராகவோ பேட்டரி. காயில் ஏ.சி. கரண்ட் தரும், ஆர்.ஆர். யூனிட் அதை டி.சி.யாக மாற்றி, அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கும்.

முதலில் ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரை, அதாவது வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பை, கழற்றிப் பாருங்கள். பின்புறம் துடுப்பு துடுப்பாக இருக்கும் அலுமினியப் பெட்டிதான் ஆர்.ஆர். யூனிட். சூடு ஆற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் துடுப்புகள். கப்ளரின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா, ஒரு ஓட்டை மட்டும் உருகியிருக்கிறதா, உள்ளே பித்தளை முனை பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்துக்குப் பிறகும், வாட்டர் சர்வீஸில் வேகமாகத் தண்ணீர் அடித்த பிறகும் இந்தக் கப்ளர்களில்தான் ஈரம் தங்கும். முனை கருகியிருந்தால் அது மட்டுமே கோளாறாக இருக்கலாம். எலி கடித்த வயரும் இந்த ஊரில் அபூர்வமில்லை. நெல் குதிரோ மளிகைக் கடையோ பக்கத்தில் வண்டி நிற்கிறதென்றால் சீட்டுக்கு அடியில் வயர் கட்டு முழுவதையும் பார்த்துவிடுங்கள்.

கப்ளர் நன்றாக இருந்தால் காயிலைச் சோதிக்கலாம். பல வண்டிகளில் காயிலிலிருந்து ஒரே நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளில், மூன்று வயர் வரும். கப்ளரைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கத்து முனைகளில் ஓம் அளவு பாருங்கள். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்; மலிவு மீட்டர் வயருக்கே 0.3, 0.4 ஓம் இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். ஒன்று இரண்டு, இரண்டு மூன்று, மூன்று ஒன்று என்று மூன்று ஜோடியிலும் கிட்டத்தட்ட ஒரே சிறிய எண் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே பாருங்கள். அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது.

ஓம் சரியாக இருந்தும் கரண்ட் வராமல் போகலாம். திருகை ஏ.சி. வோல்ட் 200-ல் வைத்து, கப்ளர் கழன்ற நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டு அந்த ஜோடிகளை அளங்கள். கையில் ஈரமில்லாமல், வெறும் முனையைத் தொடாமல் செய்யுங்கள். முறுக்கினால் வோல்ட் ஏற வேண்டும், மூன்று ஜோடியும் சேர்ந்தே ஏற வேண்டும். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் காயில் போய்விட்டது. மூன்றும் நன்றாக இருந்து, கப்ளரும் வயரும் ஃபியூஸும் நன்றாக இருந்து, மூன்றாவது அளவு மட்டும் ஏறவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஆர்.ஆர். யூனிட். சின்ன வண்டிகளில் மூன்றுக்குப் பதில் வேறு வேறு நிறத்தில் வயர்கள் இருக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அந்த மாடலின் வயரிங் படம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். 10 இருந்த இடத்தில் 20 வேண்டாம், சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளும் செம்புக் கம்பியும் வேண்டவே வேண்டாம். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. கம்பி வைத்தால் அது வயரை எரிக்கும். அந்த வயர் ஓடுவது பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

ஓடும்போது சரி, நின்றால் இறங்குகிறது

மூன்று அளவும் சரியாக இருந்தும், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் வண்டி எடுக்கவில்லையா? அப்போது கசிவைத் தேட வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். இப்போதுதான் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, திருகையும் அங்கே வைத்து, சிவப்பு முனையைக் கழற்றிய கேபிளிலும் கருப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் தொடுங்கள். இந்த நேரத்தில் சாவி போடவோ செல்ஃபைத் தொடவோ கூடாது.

0.00 காட்டினால் சிவப்பு வயரைப் பழைய ஓட்டைக்கு மாற்றி, 200 மில்லி ஆம்பியரில் வைத்துத் துல்லியமாகப் பாருங்கள். கடிகாரம், இ.சி.யு. போன்றவற்றுக்காக ஓரிரு மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 20 போகிறதென்றால், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-மணியை வைத்துக் கணக்குப் போடுங்கள்: 3 ஆம்பியர்-மணி பேட்டரி என்பது 3000 மில்லி ஆம்பியர்-மணி, 20-ஆல் வகுத்தால் 150 மணி நேரம். ஆறே நாளில் முழு பேட்டரியும் காலி. செல்ஃப் எடுக்க முடியாத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. எதை எடுத்தும் விழவில்லை என்றால் ஆர்.ஆர். யூனிட் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே டையோடு கசிந்தால் காயில் வழியாகவே பேட்டரி இறங்கும். ஆனால் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிறகு மாட்டிய சாமான்களைத்தான்: ஜி.பி.எஸ்., திருட்டு அலாரம், மொபைல் சார்ஜர். இவற்றை நேராகப் பேட்டரியில் கட்டாமல் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் கட்டச் சொல்லுங்கள். திருட்டு அலாரத்தை அப்படிக் கட்ட முடியாது. அதை வைத்துக்கொண்டால் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபாக் லைட் கதை வேறு. இரண்டு 30 வாட் விளக்கு என்றால் 60 வாட், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். சின்ன வண்டியின் காயில் சிக்னலில் ஸ்லோவில் நிற்கும்போது அவ்வளவு தருவதில்லை; மிச்சத்தைப் பேட்டரிதான் தரும். வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் ஸ்கூட்டர்களுக்கும் இதே குறைதான். ஒவ்வொரு செல்ஃபுக்கும் செலவான சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நிற்காமல் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள்.

சார்ஜ் போடும்போது

ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு, அதுதான் பாதுகாப்பான அளவு. 3 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.3 ஆம்பியர், 9-க்கு 0.9. கார் சார்ஜர் 5, 6 ஆம்பியரைத் திணித்தால் சின்ன பேட்டரி கொதித்து வீணாகும். கடையில் போடக் கொடுத்தாலும் "மெதுவா, ராத்திரி முழுக்கப் போடுங்கண்ணே" என்று சொல்லிக் கொடுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் பழைய வகை என்றால் மேல் கோட்டைத் தாண்டாமல் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், ஆசிட் எதுவும் கூடாது. வற்றுவது தண்ணீர்தான், அமிலம் அங்கேயே இருக்கிறது. அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டுவைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கேடு. தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் பிடிக்காது. நம் ஊர் வெயிலும் சும்மா விடாது. சூடு கூடக் கூட பேட்டரி தானாக இறங்குவதும் வேகமாகும், ஆயுளும் குறையும். மாதக்கணக்கில் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் முழுச் சார்ஜ் போட்டு, மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரையாவது சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்ஷன் ஆகிவிட்டன. சாவி போட்டதும் டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'உய்ங்' என்று ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் இ.சி.யு.வுக்கும் பேட்டரி வேண்டும். அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிகள் சில பேட்டரியே இல்லாமல் கிக்கரில் எடுத்தன. இவற்றை அப்படி நம்பிக்கொண்டு இருக்க முடியாது. அந்த 'உய்ங்' வரவில்லை என்றால் தள்ளித் தள்ளி மூச்சு வாங்குவதில் பயனில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

வண்டிக்கு எத்தனை ஆம்பியர்-மணி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். 100, 110 சிசி வண்டிகளுக்கு 3 முதல் 5 வரை, 150 சிசிக்கு 4 முதல் 9 வரை, செல்ஃப் உள்ள பழைய புல்லட்டுக்கு 14 என்று இருக்கும். பிளஸ் எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் கேபிள் எட்டாது, இழுத்துக் கட்டினால் ஒருநாள் உரசும். பெட்டியில் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். கடை அலமாரியில் நாள்பட்டு உட்கார்ந்திருந்த பேட்டரியும் சார்ஜ் இறங்கித்தான் இருக்கும். உங்கள் மீட்டரை எடுத்துப் போய் அங்கேயே அளங்கள், 12.4-க்குக் குறைந்தால் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது வேறொன்றைக் கேளுங்கள்.

பழையதைக் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். குப்பையில் போகக் கூடாதவை. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பில்லும் வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் கடை வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு மூன்றாவது அளவை ஒருமுறை எடுங்கள். முறுக்கும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே நின்றால் சீட்டை மூடிவிட்டுக் கிளம்பலாம். நிற்கவில்லை என்றால், புது பேட்டரி இன்னும் முழுச் சார்ஜில் இருக்கும்போதே நேராக எலக்ட்ரீஷியனிடம் போய் ஆர்.ஆர். யூனிட்டையும் காயிலையும் காட்டிவிடுங்கள்.